4கே-வுக்குக் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது?

நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தது. அன்று வைத்த மாதக் கட்டணங்கள்: கைப்பேசிக்கு மட்டும் 149 ரூபாய், பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649. 499 ரூபாய்க்கு 1080பி படம், 649 ரூபாய்க்கு 4கே. 2025 நவம்பரில் ஸ்பாட்டிஃபையும் பாட்டுக்கு இதே மாதிரி படிகள் வைத்தது. லைட் 139 ரூபாய்க்கு 160 கேபிபிஎஸ், ஸ்டாண்டர்டு 199-க்கு 320 கேபிபிஎஸ், பிளாட்டினம் 299-க்கு 24 பிட் லாஸ்லெஸ், அதாவது ஒலித் தகவல் எதையும் கழிக்காத கோப்பு.

இரண்டிலும் கடைசிப் படியை மட்டும் எடுத்துக்கொள்வோம். படத்துக்கு மாதம் 150 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 1,800. பாட்டுக்கு மாதம் 100, ஆண்டுக்கு 1,200. ஆக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். (பிரீமியத்தில் ஒரே நேரத்தில் 4 திரைகளில் பார்க்கலாம், ஸ்டாண்டர்டில் 2 திரைதான். ஆள் அதிகமுள்ள வீட்டில் அந்த வசதிக்கே 150 ரூபாய் தகும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) இந்த 3,000 ரூபாய்க்குக் கண்ணுக்கும் காதுக்கும் என்ன வந்து சேருகிறது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓரளவு வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் விளம்பரம் சொல்லும் பிக்சல் எண்ணிக்கை அல்ல. பாட்டில், 320 கேபிபிஎஸ்-ஐத் தாண்டிய பிறகு, பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வருவதில்லை.

பிக்சல் கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை. 720பி என்றால் 1280 × 720, அதாவது 9,21,600 பிக்சல். 1080பி-யில் 20,73,600. 4கே-யில் 82,94,400, சரியாக நான்கு மடங்கு. 8கே-யில் 3,31,77,600. இந்த எண்களில் பொய் இல்லை. 4கே என்று அனுப்பும் படத்தில் உண்மையிலேயே 82 லட்சத்துச் சொச்சம் பிக்சல் இருக்கிறது. அந்த ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு தகவல் வருகிறது என்பதுதான் எந்த அட்டையிலும் எழுதப்படாத எண்.

சுருக்காத 4கே படம், நொடிக்கு 24 ஃபிரேம், 10 பிட், நிறத் தகவல் மட்டும் நீளத்திலும் உயரத்திலும் பாதி என்று வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்கு 2,986 மெகாபிட் வரும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 3,359 ஜிபி. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக இருக்கும் மாத வரம்பு 3,300 ஜிபி. அதாவது ஒரே ஒரு படம், ஒரு மாத வரம்பை முழுதாகத் தின்றுவிட்டு மேலும் கேட்கும். நெட்ஃபிளிக்ஸ் 2014-இல் 4கே அனுப்பத் தொடங்கியபோது வைத்த வேகம் 15.6 எம்பிபிஎஸ். அதில் அதே படம் 17.55 ஜிபி-யில் முடிந்துவிடும். ஏறத்தாழ 191-இல் ஒரு பங்கு வருகிறது. 190 பங்கு வழியிலேயே கழிக்கப்படுகிறது. எதைக் கழித்தார்கள், எவ்வளவு சாமர்த்தியமாகக் கழித்தார்கள் என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது.

ஒரு ஃபிரேமுக்கு 26 கேபி

1080பி-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 5 எம்பிபிஎஸ். அந்த 5 எம்பிபிஎஸ்-ஐ 24 ஃபிரேமுக்குப் பிரித்தால் சராசரியாக ஒரு ஃபிரேமுக்கு 26 கேபி. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே 3 அல்லது 4 எம்பி இருக்கும். இருபது லட்சம் பிக்சலை 26 கேபி-யில் எப்படி அடக்குகிறார்கள்? முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ, எது எங்கே நகர்ந்ததோ, அதை மட்டும் அனுப்புகிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் உதடும் கண்ணும்தான் அசைகின்றன. 26 கேபி தாராளம். திருவிழாக் கூட்டம், கொட்டும் மழை, பூமாரி, புகை என்று வந்துவிட்டால் திரையின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. அப்போது முதலில் பலியாவது நுண்விவரம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவுக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் சுவரில் பரவி மெல்ல இருட்டில் கரைகிறது. திரைக்கு அருகே போய் அந்தச் சுவரைப் பாருங்கள். கரைய வேண்டிய வெளிச்சம் பட்டை பட்டையாக, படிப்படியாக நிற்கும். கறுப்பான மூலையில் சதுரம் சதுரமாக ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கும். கேமரா நகர்ந்தால் நடிகரின் கன்னத்துத் தோல் மெழுகு பூசியதுபோல வழவழப்பாகும். நின்றவுடன் அரை நொடியில் தோலின் துளைகள் திரும்பி வரும். இவை எல்லாம் பிட் பற்றாக்குறையின் அடையாளங்கள். பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டினால் இவை போகாது. பிட் எண்ணிக்கையைக் கூட்டினால் போகும்.

ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்று கணக்கிட்டால் இது தெளிவாகும். 1080பி, 5 எம்பிபிஎஸ்: பிக்சலுக்கு 0.10 பிட். 4கே, 15.6 எம்பிபிஎஸ்: 0.078 பிட். ப்ளூரே வட்டில் 1080பி படம் 25 எம்பிபிஎஸ் அளவில் ஓடுவது சாதாரணம், உச்ச வரம்பு 40. 25 என்றே வைத்தாலும் பிக்சலுக்கு 0.50 பிட். திரையரங்குக்குப் போகும் 2கே கோப்பு நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். அதில் பிக்சலுக்கு 4.7 பிட். திரையரங்கக் கோப்பு ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் முறை என்பதால் அதை நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் 40 அடி அகலத் திரையில் ஒரு பிக்சல் 6 மில்லிமீட்டர் அகலம் இருந்தும் 2கே படம் நமக்கு அழகாகத் தெரிகிறதே, அதற்கு இந்த 4.7 ஒரு முக்கியக் காரணம்.

இங்கே 4கே-வுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் 0.078 என்பது 0.10-ஐ விடக் குறைவு. அதனால் 4கே மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1080பி பெரும்பாலும் 2003-இல் வந்த எச்.264 முறையில் சுருக்கப்பட்டு வந்தது. 4கே, 2013-இல் வந்த எச்இவிசி முறையிலோ, 2018-இல் வந்த ஏவி1 முறையிலோ வருகிறது. எச்இவிசி, பழைய முறைக்குத் தேவையானதில் பாதி பிட்டிலேயே ஏறத்தாழ அதே தரத்தைத் தந்துவிடும். ஆகவே 15.6 எம்பிபிஎஸ் என்பது பழைய முறையில் 31 எம்பிபிஎஸ்-க்குச் சமம், பிக்சலுக்கு 0.157 பிட் என்று கொள்ளலாம். 499 ரூபாய்த் திட்டத்திலிருந்து 649-க்கு மாறியவர்கள் "படம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது பிரமை அல்ல. 15.6 எம்பிபிஎஸ் கணக்கில் அவர்களுக்கு மூன்று மடங்கு பிட் வருகிறது, அதுவும் இரு மடங்கு திறமையான முறையில். அதே பிட்டை, அதே புதிய முறையில், 1080பி படத்துக்குக் கொடுத்திருந்தால்? சுவரில் பட்டை இருக்காது, கன்னம் மெழுகாகாது. 9 அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு எது 4கே, எது 1080பி என்று சொல்வது கடினமாகியிருக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. யூடியூப் 2023-இல் பிரீமியம் சந்தாதாரர்களுக்கு "1080பி பிரீமியம்" என்று ஒரு தெரிவைக் கொண்டுவந்தது. பிக்சல் எண்ணிக்கை மாறவில்லை. அதே 20,73,600 தான். பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் பிட், மட்டும் கூடுதல். ஒரே தெளிவுத்திறனில் இரண்டு தரம் உண்டு, நல்லதுக்குத் தனிக் காசு என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

நெட்ஃபிளிக்ஸின் வரலாறும் அதையே சொல்கிறது. 2015 வரை எல்லாப் படத்துக்கும் ஒரே பிட்ரேட் ஏணி: அடியில் 235 கேபிபிஎஸ், 720பி-க்கு 2,350 அல்லது 3,000, 1080பி-க்கு 4,300 அல்லது 5,800. கார்ட்டூனுக்கும் அதே, போர்க்களக் காட்சிக்கும் அதே. 2015 டிசம்பரில் படத்துக்குப் படம் ஏணியை மாற்றத் தொடங்கினார்கள். 2020-இல் 4கே-வையும் காட்சி காட்சியாகப் பிரித்துச் சுருக்கி, சராசரியை 16 எம்பிபிஎஸ்-இலிருந்து ஏறத்தாழ 8-க்குக் கொண்டுவந்தார்கள். தரம் குறையவில்லை என்று அவர்களுடைய அளவுகோல் காட்டுகிறது. பொறியியலாக அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 15.6 எம்பிபிஎஸ் வந்தபோதும் பெயர் 4கே, 8 வரும்போதும் 4கே. சந்தா கட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

சோபாவிலிருந்து எத்தனை அடி?

அடுத்தது கண். கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கு, ஒரு பாகையில் 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும் திறன் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதை வைத்து, எந்தத் தூரத்துக்கு அப்பால் 1080பி-யின் பிக்சல்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது என்று கணக்கிடலாம்:

32 அங்குல டிவி – 4.2 அடி
43 அங்குலம் – 5.6 அடி
55 அங்குலம் – 7.2 அடி
65 அங்குலம் – 8.5 அடி

இந்தத் தூரத்தைத் தாண்டி உட்கார்ந்தால் 4கே-யின் கூடுதல் பிக்சல்கள் வீண் என்பது பல காலமாகச் சொல்லப்படும் விதி. ஆனால் 60 என்பது சற்றுக் குறைந்த மதிப்பீடு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025 அக்டோபரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. முன்னும் பின்னும் நகரும் திரையில் நுண்கோடுகளைக் காட்டி, கோடு தெரிகிறதா, வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறதா என்று கேட்டு அளந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பாகைக்கு 94 பிக்சல், சிவப்பு பச்சையில் 89, மஞ்சள் ஊதாவில் 53 என்று விடை வந்தது. 94-ஐ வைத்துப் பார்த்தால் மேலே உள்ள தூரங்கள் 6.5, 8.8, 11.2, 13.2 அடியாக உயர்கின்றன.

ஆகவே, 43 அங்குல டிவி, 9 அடியில் சோபா என்றால், தாராளமான கணக்கிலும் 1080பி-யே கண்ணின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அந்த வீட்டில் 82 லட்சம் பிக்சல் வந்தாலும் 20 லட்சம் வந்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான். 55 அங்குலம், 9 அடி என்றால் இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் நிற்கிறோம்; எழுத்துகள், துணியின் நெசவு, தூரத்து மரத்தின் இலைகள் ஆகியவற்றில் கொஞ்சம் கூர்மை தெரியலாம். 65 அங்குலத்தை 7 அடியிலிருந்து பார்ப்பவருக்கு 4கே கட்டாயம் பலன் தரும். இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் சோதனையில் காட்டியது அசையாத, மிகக் கூர்மையான கோடுகள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில், பொதுவாக ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு நேர ஷட்டர் திறப்பில் எடுக்கப்படுகிறது. யாராவது நடந்தாலே அந்த உருவம் அந்த நேரத்துக்குள் பல பிக்சல் நகர்ந்து மங்கிவிடும்.

8கே-வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வார்னர் பிரதர்ஸ், பிக்சார், அமேசான் பிரைம் வீடியோ, எல்ஜி ஆகியவை இணைந்து நடத்திய சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. 88 அங்குல ஓஎல்இடி திரை, 139 பேர், முன்வரிசை 5 அடியில், பின்வரிசை 9 அடியில். எது எது என்று பார்ப்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. பெரும்பாலானவர்களால் 4கே-க்கும் 8கே-க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காண முடியவில்லை.

மூலப் படமே எத்தனை பிக்சல் என்பதையும் பார்க்க வேண்டும். 2010-க்குப் பிறகு உலகெங்கும் சினிமாவை ஆண்ட ஆரி அலெக்சா கேமராவின் வழக்கமான பதிவு 2880 × 1620. எடுத்த படத்தை வண்ணம் திருத்தி, கிராஃபிக்ஸ் சேர்த்து முடிப்பது பல ஆண்டுகள் 2கே-யில்தான் நடந்தது. 2048 × 1080, அதாவது 22,11,840 பிக்சல். 2015-இல் வந்த மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு அப்படி 2கே-யில் முடிக்கப்பட்ட படம். அதை 4கே-யில் தரும்போது இல்லாத 60 லட்சம் பிக்சலைக் கணினி இட்டு நிரப்புகிறது. நிறத்தின் கதை இன்னொன்று. ஸ்ட்ரீமிங்கில் வரும் படங்களில் நிறத் தகவல் நீளத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டே வருகிறது. 4கே ஸ்ட்ரீமில் வெளிச்சம்தான் 3840 × 2160. நிறம் 1920 × 1080.

அப்படியென்றால் 649 ரூபாய்த் திட்டத்தில் உண்மையான சரக்கு எது? என் கணிப்பில் எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அதிக வீச்சு தரும் முறை. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், 256 படிகள். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். எச்டிஆர்-இல் 10 பிட், 1,024 படிகள். 107 கோடி நிறங்கள். சாதாரணப் படம் 100 நிட் வெளிச்சத்தை அளவாக வைத்துத் தயாராகிறது. எச்டிஆர் பெரும்பாலும் 1,000 நிட்டுக்கு. விளக்கொளி சுவரில் கரையும் அந்தக் காட்சியில் பட்டைகள் மறைவதில் இந்த 1,024 படிகளுக்கும் பங்கு உண்டு. எண்ணெய் தீபத்தின் சுடர், வெயிலில் மின்னும் நகை, இருட்டில் இருக்கும் முகம் ஆகியவை ஒரே சட்டகத்தில் சேர்ந்து தெரிவதும் இதனால்தான். 9 அடியில் இருந்தாலும் 15 அடியில் இருந்தாலும் இந்த மாற்றம் கண்ணில் படும். அதற்குக் கூர்மையான பார்வை வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸில் எச்டிஆர் பிரீமியம் திட்டத்தோடு மட்டுமே வருகிறது. 1080பி-யில் எச்டிஆர் தருவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் டிவி அந்த வெளிச்சத்தைத் தர வேண்டும். பெட்டியில் எச்டிஆர் என்று அச்சிட்டு, 300 நிட் அளவோடு நின்றுவிடும் மலிவு டிவிகள் ஏராளம். அவற்றில் எச்டிஆர் போட்டால் சில காட்சிகள் முன்பைவிட இருட்டாகவே தெரியும்.

கிரிக்கெட்டுக்கு வேறு கணக்கு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 38.9 மீட்டர் நகர்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஒளிபரப்பில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் பந்து 1.56 மீட்டர் தாண்டிவிடும். 50 ஃபிரேமில் 0.78 மீட்டர். கிரீஸிலிருந்து கிரீஸ் 17.68 மீட்டர், வேகம் குறையாமலே வந்தாலும் 25 ஃபிரேமில் பந்து 11 இடங்களில் தெரியும், 50-இல் 22 இடங்களில். ஸ்விங் ஆவதைப் பார்க்க வேண்டியவருக்கு 50 ஃபிரேம் 1080பி, 25 ஃபிரேம் 4கே-வை விட எவ்வளவோ மேல். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 5 எம்பிபிஎஸ் கொடுத்தால் மொத்தம் நொடிக்கு 295 டெராபிட். 15 கொடுத்தால் 885 டெராபிட். எல்லாருக்கும் 4கே என்ற வாக்குறுதி நடைமுறையில் ஏன் நிற்காது என்பதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும். நெரிசல் வரும் என்றாலே முதலில் குறைக்கப்படுவது தரம்தான்: 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இந்தியாவில் பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் கைப்பேசி நெட்வொர்க்கில் ஏப்ரல் 14 வரை 480பி-க்கு மேல் அனுப்புவதில்லை என்று கூடி முடிவெடுத்தன. ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் 30 நாட்களுக்கு பிட்ரேட்டைக் குறைத்தது. போக்குவரத்து 25 சதவீதம் குறையும் என்று அறிவித்தது.

பாட்டுக் கணக்கு

1982-இல் வந்த சிடி-யின் அளவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். 44.1 என்பது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகத் திரும்பத் தரும். இளம் வயதில் மனிதக் காதின் மேல் எல்லை 20,000. வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். 16 பிட் தரும் ஒலி இடைவெளி 96 டெசிபல். இரவில் அமைதியான அறையின் இரைச்சல் 30 டெசிபல் என்று வைத்தால், அதற்கு மேல் 96 என்றால் 126. அது காது வலிக்கும் அளவு. ஆக, 1982-லேயே கேட்பதற்கான தேவை பூர்த்தியாகிவிட்டது. 24 பிட்டின் 144 டெசிபல் பதிவுக்கூடத்தில் வேலைக்கு உதவும். பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினால் பதிவு கெடாமல் இருக்க இடம் வேண்டும். முடித்துக் கொடுத்த பாட்டைக் கேட்பவருக்கு அந்த இடம் தேவையில்லை.

இந்த விஷயத்தில் சோதனைகள் நடந்திருக்கின்றன. பாஸ்டனில் மேயர், மோரன் ஆகிய இருவர், உயர்தர ஒலியை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டு, கேட்பவர்களுக்கு எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை, 49.8 சதவீதம். நாணயம் சுண்டினாலும் இதுதான் வரும். அவர்கள் பயன்படுத்திய வட்டுகள் சிலவற்றின் மூலப் பதிவே உயர்தரம்தானா என்ற விமர்சனம் எழுந்தது. அதற்குப் பிறகு 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளின் 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தார். சரியான விடை 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் 62.2. உயர்தர ஒலிக்கு ஆதரவாக உள்ள மிக வலுவான சான்று இதுதான். நாணயம் சுண்டுவதைவிடச் சராசரியாக நூற்றுக்கு இரண்டு முறை கூடுதல்; அதுவும் நல்ல கருவி, அமைதியான அறை, முழுக் கவனம் எல்லாம் அமைந்தபோது.

அதற்காக எல்லா பிட்ரேட்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. 96 கேபிபிஎஸ்-இல் ஒரு கச்சேரியைக் கேளுங்கள். தம்பூராவின் நாதத்தில் இருக்கும் அந்த மினுமினுப்பு மழுங்கிவிடும். மிருதங்கத்தில் விழும் அடி கூர்மையாகத் தொடங்காமல், அடிக்கு ஒரு கணம் முன்னாலேயே மெல்லிய இரைச்சல் படரும். ரசிகர்களின் கைத்தட்டல், தகரத்தில் மணல் கொட்டுவது போலாகும். 160-இல் இவற்றில் பெரும்பகுதி சரியாகிவிடும். 320-இல் குறை கண்டுபிடிக்கப் பெரும்பாலோரால் முடியாது. 139 ரூபாய்க்கும் 199 ரூபாய்க்கும் இடையே உள்ள 60 ரூபாய், நல்ல ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்குக் கேட்கக்கூடிய பலனைத் தரலாம். 199-க்கும் 299-க்கும் இடையே உள்ள 100 ரூபாய் தருவதில்லை.

டேட்டா செலவைப் பாருங்கள். ஆப்பிள் தரும் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு ஒன்று, 256 கேபிபிஎஸ்-இல் 6 எம்பி, லாஸ்லெஸ்ஸில் 36 எம்பி, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸில் 145 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு முறையே 120 எம்பி, 720 எம்பி, 2.9 ஜிபி. நெட்ஃபிளிக்ஸில் ஒரு மணி நேர எச்டி படத்துக்கே அதிகபட்சம் 3 ஜிபி தான். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரப் படத்தின் டேட்டாவைச் செலவழிக்கிறோம். 28 நாளுக்கு, நாளொன்றுக்கு 2 ஜிபி, 349 ரூபாய் என்ற கைப்பேசித் திட்டத்தில் ஒரு ஜிபி 6 ரூபாய் 23 காசு. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பாட்டு 75 காசில் முடியும், அல்லது 18 ரூபாய் ஆகும். 4கே படம் மணிக்கு அதிகபட்சம் 7 ஜிபி. அன்றாட 2 ஜிபி 17 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படம் கைப்பேசி டேட்டாவில் 109 ரூபாய், எச்டி-யில் 47. வீட்டில் ஃபைபர் இருந்தால் இந்தச் செலவு பொருட்டில்லை. 3,300 ஜிபி-க்குள் 4கே படம் 471 மணி நேரம் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய கோப்பு காதுக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டும். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்பது சுருக்காத நிலையில் 9,216 கேபிபிஎஸ். கையில் இருப்பது புளூடூத் ஹெட்செட் என்றால், எல்லாக் கருவிகளிலும் உள்ள எஸ்பிசி முறையில் அது மீண்டும் சுருக்கப்பட்டு, வழக்கமான உயர்தர அமைப்பில் 328 கேபிபிஎஸ் ஆகும். சோனியின் எல்டேக் முறையின் உச்சமே 990. சிடி-யின் 1,411-க்கே அது போதாது. பிளாட்டினம் சந்தா கட்டி புளூடூத்தில் கேட்பவருக்கு லாஸ்லெஸ் பெரும்பாலும் காதை எட்டுவதில்லை.

ஒலியின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பது பதிவும் மாஸ்டரிங்கும். 2008-இல் வந்த மெட்டாலிகாவின் டெத் மேக்னெட்டிக் தொகுப்பு அளவுக்கு மீறிச் சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டு, சிடி-யிலேயே கரகரத்தது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அமுக்கப்படாமல் தெளிவாக இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். 24 பிட்டில் போட்டாலும் அந்தக் கரகரப்பு 24 பிட்டில் கரகரக்கும். நம் 1970-கள், 80-களின் திரைப்பாடல்கள் காந்த நாடாவில் பதிவானவை. இரைச்சல் குறைக்கும் கருவி இல்லாத நாடாவின் ஒலி இடைவெளி 60 முதல் 70 டெசிபல். 11, 12 பிட்டிலேயே அடங்கிவிடும். அந்தப் பாடல்களுக்குத் தேவை 24 பிட் முத்திரை அல்ல. மூல நாடா எங்கே இருக்கிறது என்று தேடி, பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்து, பொறுமையாகச் சுத்தம் செய்து பதிவேற்றும் ஆள் தேவை. கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டை லாஸ்லெஸ்ஸில் விற்றால், கேசட்டின் சீறல் மட்டும் துல்லியமாக வந்து சேரும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். கோப்பின் அளவைப் பெருக்கச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் கேட்பவருக்கு எவ்வளவோ பலன் இருக்கும்.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் லாஸ்லெஸ்ஸைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. அது சரியான விலை. நகலெடுத்துச் சேமிப்பவருக்கும், ஒலி வேலை செய்பவருக்கும் லாஸ்லெஸ் வேண்டும், அதை மறுக்கவில்லை.

ஆக, கணக்கு முடிவு இது. 43 அங்குலம் வரை டிவி, 9 அடி ஹால் என்றால் 4கே-வுக்காக மட்டும் மாதம் 150 ரூபாய் கூட்ட வேண்டாம். 55 அங்குலத்துக்கு மேல், நல்ல வெளிச்சம் தரும் எச்டிஆர் டிவி என்றால் கூட்டலாம், எச்டிஆருக்காக. பாட்டுக்கு 320 கேபிபிஎஸ் போதும். மிச்சமாகும் ஆண்டு 1,200 ரூபாயை ஒரு நல்ல கம்பி ஹெட்ஃபோனுக்குப் போடுங்கள், அதே பாட்டில் இதுவரை கேட்காத விவரங்கள் வரும்.

இன்னொரு கோரிக்கை அரசுக்கு. கடையில் வாங்கும் அரிசிப் பொட்டலத்தில் நிகர எடை அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் சொல்கின்றன. பையின் அளவை மட்டும் எழுதி விற்க முடியாது. ஸ்ட்ரீமிங் சந்தாவில் இன்று நடப்பது அதுதான்: 1080பி, 4கே என்று பையின் அளவு இருக்கிறது, உள்ளே எத்தனை எம்பிபிஎஸ் என்ற எடை இல்லை. ஒவ்வொரு திட்டத்தின் விலைக்கும் பக்கத்தில் சராசரி பிட்ரேட், சுருக்கும் முறை, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற மூன்று எண்களை அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு விதி கொண்டுவர வேண்டும்.